மதில் தாண்டிய மட்டை: பக்கத்து வீட்டு மரத்துக்கு யார் பொறுப்பு?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், ரயில் பாதையை ஒட்டி ஒரு சந்து. 30 அடிக்கு 40 அடி மனைகள். வீட்டுக்கு வீடு ஒரே காம்பவுண்டு சுவர். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும்.

அங்கே ஒரு வீடு, ஆலை ஒன்றில் 33 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டருடையது. சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். சேமநிதிப் பணத்தில் கட்டிய வீடு. அடுத்த வீடு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியருடையது. அவர் திப்டூர்க்காரர். தென்னைக்கும் கொப்பரைக்கும் பேர்போன ஊர் அது. 1986-ல் புது வீட்டுக்குக் குடிவந்த அன்று ஆசிரியரின் தாயார் தம் கையால் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். மதிலுக்கும் கன்றுக்கும் இடையே ஒன்றரை அடிதான் இடம். அன்று அது யார் கண்ணிலும் படவில்லை.

கன்று மரமாயிற்று. வெளிச்சம் தேடிக் கிழக்கே சாய்ந்தது. கிழக்கே இருந்தது பிட்டர் வீட்டு ஷீட்டுக் கூரை.

2022-ஆம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அந்தக் கூரையின் கீழ் பாய் விரித்துப் பேத்தி வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு நெற்று விழுந்தது. ஷீட்டு உடைந்து, குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில், திறந்திருந்த நோட்டுப் புத்தகத்தின் மேல் தேங்காய் கிடந்தது.

பிட்டர் மதில் ஓரம் வந்து நின்றார். "மேஷ்ட்ரே! இன்னிக்கே இந்த மரத்தை வெட்டணும்!" என்றார்.

"அண்ணா, கோபப்படாதீங்க. அது எங்க அம்மா வெச்ச மரம்" என்றார் ஆசிரியர்.

"என் பேத்தி தலை உடைஞ்சிருந்தா உங்க அம்மா வந்து பதில் சொல்வாங்களா?"

இறந்துபோன தாயை இழுத்ததும் பேச்சு தடித்தது. "அண்ணா" என்ற சொல் அன்றோடு நின்றது.

பேச்சு நின்றது, சுவர் உயர்ந்தது

பிட்டர் மதிலை இரண்டடி உயர்த்தினார். ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் இவர் போயிருக்க மாட்டார்.

இதற்குள் தெருமுனை டீக்கடையில் வேறு பேச்சு கிளம்பியது. "அவங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று இந்தப் பக்கம் ஒருவர். "வந்த ஊர்ல இவங்களுக்கு இவ்வளவு வாயா?" என்று அந்தப் பக்கம் ஒருவர். தேங்காய்ச் சண்டை மொழிச் சண்டையாக மாற ஒரு தீக்குச்சிதான் பாக்கி.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர்கள் பட்ட பாட்டை வயதானவர்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் பிட்டரின் மனைவியையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அதே ஆசிரியரின் தாயார்தான். அவர் வைத்த மரத்தைத்தான் இப்போது வெட்டச் சொல்கிறார்கள். அவர் காத்த வீட்டின் மேல்தான் அந்த மரமும் காயைப் போடுகிறது.

யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று இருவருக்குமே தெரியாது. இத்தகைய தகராறு இல்லாத தெரு குறைவு என்பதால், எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மரம் யாருடையது?

அடிமரம் யார் மண்ணில் நிற்கிறதோ, மரம் அவருடையது. கிளை எங்கே போனாலும், வேர் எங்கே ஓடினாலும் உடைமை மாறாது. அடிமரமே எல்லைக் கோட்டின் மேல் நின்றால் அதை இருவருக்கும் பொதுவாகக் கொள்வதுதான் முறை. அப்போது ஒருவர் மட்டும் தம் இஷ்டத்துக்கு வெட்டிச் சாய்ப்பது தவறாகும்.

உடைமையோடு பொறுப்பும் வருகிறது. மரம் காய்ந்திருக்கிறது, பொந்து விழுந்திருக்கிறது, சாய்ந்து நிற்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்து, அது அடுத்தவர் கூரையில் விழுந்தால், "காற்று அடித்தது, நான் என்ன செய்வேன்?" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. தெரிந்த ஆபத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட இடமுண்டு. ஆகவே அபாயம் கண்டவர் வாயால் சொன்னதோடு நிற்காமல், தேதி போட்டு ஒரு கடிதமாகக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைக்கு மேல் வரும் கிளை

அடுத்தவர் மரத்தின் கிளை நம் மனைக்குள் நீட்டினால், நம் எல்லை வரை அதைக் கழிக்க நமக்கு உரிமை உண்டு. இது புதிய சங்கதி அல்ல. 1894-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை லெம்மன் - வெப் வழக்கில் இதையே தீர்ப்பாகச் சொன்னது. 1890-களிலேயே பம்பாய் உயர்நீதிமன்றமும், அடுத்தவர் நிலத்தின் மேல் கிளையை நீட்டி வைக்கும் உரிமையை எத்தனை ஆண்டு கழிந்தாலும் அனுபவ பாத்தியதையாகப் பெற முடியாது என்று கூறியது. "முப்பது வருஷமாக இப்படித்தானே இருக்கிறது" என்ற வாதம் இங்கே செல்லாது.

ஆனால் இந்த உரிமைக்கு நான்கு கட்டுகள் உண்டு.

முதலாவது, எல்லைக் கோடு வரைதான் வெட்டலாம். ஓர் அங்குலம் தாண்டினாலும் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் செய்ததாகும்.

இரண்டாவது, வெட்டுவதற்காக அடுத்தவர் மனைக்குள் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. நம் பக்கம் நின்றே வெட்ட வேண்டும்.

மூன்றாவது, வெட்டிய கிளையும் அதில் உள்ள காயும் மரக்காரருக்கே சொந்தம். 1919-ல் ஓர் ஆங்கில வழக்கு. தம் பக்கம் நீட்டிய கிளையை வெட்டிய ஒருவர், அதிலிருந்த ஆப்பிள் பழங்களை விற்றுவிட்டார். வெட்டியது சரி, விற்றது தவறு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நம் வீட்டுப் பக்கம் தொங்குகிற மாங்காயைப் பறித்து ஊறுகாய் போடும் அம்மாமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். மரக்காரர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். அந்த வார்த்தையைக் கேட்டு வாங்குவதுதான் முறை.

நான்காவது, மரங்களைக் காக்கும் மாநிலச் சட்டம். பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சொந்த மரத்துக்கும் அனுமதி

கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நம் சொந்த மனையில் நாமே நட்ட மரமானாலும், அதை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அடியோடு வீழ்த்துவது மட்டுமல்ல. கிளைகளைக் கழிப்பதும், பட்டையை வளையமாகச் சீவி மரத்தைச் சாகடிப்பதும், மருந்து ஊற்றுவதும், தீ வைப்பதும் வெட்டியதாகவே கொள்ளப்படும். ராத்திரியில் அடிமரத்தில் துளை போட்டுத் திராவகம் ஊற்றிவிட்டு, காலையில் "தானாகக் காய்ந்தது" என்று சொல்பவர்கள் சட்டத்தின் கையில் அகப்பட்டால் தப்ப வழியில்லை.

மரம் பட்டுப்போயிருந்தாலும், காற்றில் விழுந்திருந்தாலும், உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாக நின்றாலும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தாலும் அனுமதி தருவதற்கு இடமுண்டு. மனு கொடுத்து, புகைப்படம் இணைத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தில் சில மரங்களுக்கு விலக்கு உண்டு. சவுக்கு, தைல மரம், சவுண்டல், சில்வர் ஓக் ஆகியவற்றோடு தென்னையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஆசிரியர் தம் தென்னையை வெட்ட நினைத்தால் அனுமதி தேவையில்லை. அதற்காகப் பிட்டர் போய் அதை வெட்டிவிட முடியாது. மரம் அவருடையதல்லவே!

மற்ற மாநிலங்களிலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டம். டில்லிக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம். பம்பாயில் இருக்கும் தம்பிக்கும் டில்லியில் இருக்கும் மச்சானுக்கும் நேயர்கள் இதை எழுதித் தெரிவிக்கலாம்.

இன்றோ நாளையோ விழும் என்றால்?

மரம் விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படும் என்ற நிலை இருந்தால், சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உடைமைக்காரருக்கு அவர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 152-ஆவது பிரிவாக உள்ளது.

கிளை மின்கம்பியைத் தொட்டால் யாரும் அரிவாளோடு ஏறக் கூடாது. பச்சைக் கிளை வழியாகவும் மின்சாரம் பாயும். பெங்களூரில் 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்து மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை வெட்டுவிக்க 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் வழி இருக்கிறது. கம்பி வருமுன்பே அங்கு நின்ற மரமானால், மரக்காரருக்கு நஷ்டஈடு தரவும் அதே சட்டம் சொல்கிறது.

மண்ணுக்கு அடியில்

வேர் விஷயம் கிளையைவிடச் சிக்கலானது. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வது அது. தென்னையின் வேர் நார் நாராக இருக்கும். அஸ்திவாரத்தைப் பிளக்கும் பருத்த வேர் அதற்கு இல்லை. அரசும் ஆலும் அப்படியல்ல. காக்கை எச்சத்தில் வந்த விதை மதில் வெடிப்பில் முளைக்கும். இரண்டு இலை விட்டபோது விரலால் பிடுங்கிவிடலாம். அரச மரமாயிற்றே, பாவம் என்று விட்டால் ஐந்தாறு வருஷத்தில் மதிலே போய்விடும். பிடுங்கிய கன்றைக் கோயில் தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ நட்டால் பாவமும் இல்லை.

சாக்கடைக்கும் சம்புத் தொட்டிக்கும் பள்ளம் தோண்டும்போது அடுத்தவர் மரத்தின் பக்கத்து வேர்களை ஒரே வரிசையாக அறுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் பிடிப்பு இழந்த மரம் மறுபக்கம் சாயும். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் அடிக்கும் கோடை மழைக் காற்றில் முதலில் விழுவது இத்தகைய மரங்கள்தான். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி மூச்சு முட்ட வைப்பதும் அதே கதிக்குக் கொண்டு விடும். அப்போது குற்றம் மரக்காரர் மேல் மட்டுமா?

வேலியும் பொறுப்பும்

நம் ஊர்ப் பக்கம் கிளுவை வேலி, கள்ளி வேலி, நொச்சி வேலி. இங்கே செம்பருத்தி, மருதாணி, காகிதப்பூ. செடி எதுவானாலும் நியதி ஒன்றுதான்: நட்டவர் கவாத்து செய்ய வேண்டும். காகிதப்பூவின் முள் நடைபாதையில் போகும் பள்ளிப் பிள்ளையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், அது அழகுக்கு வைத்த செடி என்று சொல்லிப் பயனில்லை. முருங்கையை மதிலோரம் வைப்பவர்கள் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடுத்த வீட்டுக் கொடித் துணிக்குப் போகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

வேலியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலி தடிக்கும், தடிக்கும்போது நகரும். ஓசூரிலும் ஹொஸ்கோட்டையிலும் சீட்டுப் பணத்தில் மனை வாங்கிப் போட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காதவர்கள் நம்மில் பலர். பக்கத்து மனைக்காரர் வேலி ஒன்றரை அடி உள்ளே வந்து, நாம் 12 ஆண்டு கேட்காமல் இருந்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி எதிரனுபவம் என்று அவர் வாதாட இடம் கொடுத்ததாகும். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்பார்கள். ஓணானை நம்பாமல் எல்லைக் கல்லை நம்புங்கள். கல்லை வெளியே தெரியும்படி வைத்து, ஆண்டுக்கொரு முறை போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

காலி மனையில் மண்டும் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் அக்கம்பக்கத்தாருக்குத் தும்மலையும் பாம்புப் பயத்தையும் கொடுக்கின்றன. ஊரில் இல்லை என்பதால் உடைமைக்காரரின் பொறுப்பு போய்விடாது.

வாடகைக்கு இருப்பவர், குவார்ட்டர்ஸில் இருப்பவர்

வாடகை வீட்டு மரம் வீட்டுக்காரருடையது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே குடித்தனக்காரர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்கிறது. பக்கத்து வீட்டார் வந்து சத்தம் போட்டால் அதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வாடகைக்காரர் நல்லெண்ணத்தில் வெட்டிவிட்டு, அட்வான்ஸிலிருந்து பணம் பிடிபட்ட கதைகள் உண்டு.

ரயில்வே குவார்ட்டர்ஸ், ஆலைக் குடியிருப்பு ஆகியவற்றிலும் இதே கதைதான். மரம் நிர்வாகத்துடையது. குடியிருப்பைப் பராமரிக்கும் என்ஜினீயரிங் பிரிவின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ரயில் பாதை ஓரம் வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். தனியார் மரம் பாதையில் விழும் அபாயம் இருந்தால், 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி நிர்வாகத்தார் அந்த இடத்துக்குள் வந்து வேண்டியதைச் செய்ய அதிகாரம் பெற்றிருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகுமுன்

கிளைத் தகராறு சிவில் விவகாரம். எல்லைக் கோட்டைத் தீர்மானிப்பது போலீஸ் நிலையத்தின் வேலை அல்ல. அடிதடியோ மிரட்டலோ இருந்தால்தான் அங்கே போக வேண்டும். சிவில் கோர்ட்டில் தடை உத்தரவும் கேட்கலாம், அகற்ற உத்தரவும் கேட்கலாம். ஆனால் வாய்தா வாங்கி வாங்கி வழக்கு முடிவதற்குள் கன்று மரமாகிவிடும்.

அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், ஆலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச உதவி உண்டு. இரு தரப்பையும் உட்கார வைத்து, லோக் அதாலத்தில் சமரசமாக முடிக்கலாம். அங்கே ஏற்பட்ட முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது.

புதிதாக நடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி வேண்டும் என்பது விவசாயத் துறையினர் சொல்லும் கணக்கு. 30 அடி அகல மனையில், வீடும் கட்டி, மதிலோரம் தென்னையும் வைப்பது வருங்காலச் சண்டையை இன்றே நடுவதாகும். கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சை போன்ற சிறு மரங்கள் போதும். அவற்றையும் மதிலிலிருந்து சில அடி தள்ளி வைத்தால் நல்லது.

இருட்டில் கேட்ட குரல்

பிட்டரும் ஆசிரியரும் என்ன ஆனார்கள்?

இரண்டு வருஷம் முகம் பார்க்கவில்லை. 2024 மே மாதம் ஒரு ராத்திரி காற்றும் மழையும் அடித்தன. தென்னையிலிருந்து ஒரு மட்டை பறந்து தெருக் கம்பியில் விழுந்தது. கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தது. சந்து முழுவதும் இருட்டு. ஆலை வேலை பார்த்த பிட்டருக்கு அபாயம் உடனே புரிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். சந்தின் மறுமுனையில் இன்னொரு டார்ச் தெரிந்தது. அது ஆசிரியருடையது.

மின்வாரிய ஆட்கள் வரும் வரை ஒன்றரை மணி நேரம் இருவரும் ஆளுக்கொரு முனையில் நின்று, யாரையும் உள்ளே விடாமல் காத்தார்கள். ஆட்கள் வந்து கரண்டை நிறுத்தியதும் ஆசிரியர்தான் முதலில் பேசினார். "அண்ணா, நனைஞ்சிட்டீங்க. வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அன்று காப்பியோடு ஓர் ஏற்பாடும் முடிந்தது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை மரமேறி வந்து காயும் காய்ந்த மட்டையும் இறக்க வேண்டும், கூலி ஆசிரியருடையது. கொண்டைக்குக் கீழே கம்பி வலை கட்ட வேண்டும். அந்தச் செலவு பாதிப் பாதி. ஏணி வைக்கப் பிட்டர் வீட்டுப் பக்கம் இடம் கொடுக்க வேண்டும். உடைந்த ஷீட்டுக்கு ஆசிரியர் பணம் நீட்டினார், பிட்டர் வாங்கவில்லை. மரம் இனி மேலும் சாய்ந்தால் வெட்டிவிடுவது என்றும், அதை ஆசிரியரே முன்னின்று செய்வது என்றும் பேசிக்கொண்டார்கள். நான்கு வரியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன்பே இதைப் பேசியிருந்தால் ஒரு கல்யாணச் சாப்பாடு வீணாகியிருக்காது.

உயர்த்திய இரண்டடிச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. இடிக்கக் கூலி அதிகம் என்கிறார் பிட்டர். மரமேறி வந்து போகிற நாளில் அந்தச் சுவரின் மேல் ஒரு கூடை வைக்கப்படுகிறது. அதில் பத்துத் தேங்காய் இருக்கும். ஏற்பாட்டுக் கடிதத்தில் அந்தக் கூடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.